முப்பத்தேழாவது பெருவிரல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்திரண்டு வயதுவரை நான் விரல் சூப்பினேன். வலது கைப் பெருவிரல். (இடது கையையும் ஒருமுறை பரீட்சித்துப் பார்த்தேன். ருசி போதாது.)

மனிதனுக்கு மூக்கு அப்பாவிடமிருந்து வருகிறது. காது அம்மாவிடமிருந்து வருகிறது. இரண்டும் பிடிக்கவில்லை என்றால் அவர்களைத் திட்டிக்கொள்ளலாம். ஆனால் பல்லை அவனவன் தானே உழைத்துச் சம்பாதிக்கிறான். நான் நன்றாக உழைத்தேன். என் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் முகத்தைவிட்டு வெளியே வந்து, நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னதாகவே எந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மழை பெய்தால் முதலில் நனைவது அவைதான். மேலுதடும் கீழுதடும் பிறந்ததிலிருந்து ஒன்றையொன்று சந்தித்ததில்லை. எதிரே வருபவர்கள் நான் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருப்பதாக நினைப்பார்கள். செத்தவீட்டில் இது பெரிய கரைச்சல்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்றால், என் அம்மா கருவாடு காயப்போடப் போகும்போது என்னை வலைக் குவியலுக்குள் போட்டுவிட்டுப் போவாள். வலை மெத்தையாகவும் இருக்கும், ஓடிப்போகாதபடி காலைச் சுற்றிக்கொள்ளவும் செய்யும். பசித்து அழுதால் வாயை அடைக்க என் கைவசம் இருந்த ஒரே சாமான் பெருவிரல்தான். அம்மா திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை சத்தமில்லாமல் கிடக்கும். "அந்தோனியாரே, என்ன குணமான பிள்ளை!" என்று ஊருக்கெல்லாம் சொல்லுவாளாம். குணம் எங்கே ஒட்டிக்கொண்டிருந்தது என்பது பல் முளைத்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊர் கண்டக்குழிக்குத் தெற்கே, தலவிலைக்கு வடக்கே, கடலோரம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் என் மருமக்கள் ஒரு மாதத்துக்கு வீட்டுப்பக்கம் வர மாட்டார்கள். (யோசித்துப் பார்த்தால் சொல்லலாம் போலத்தான் இருக்கிறது.) வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தின் கடைசிப் பகுதி அது. ஊரில் ஒரு கோயில், ஒரு கள்ளுத் தவறணை, இரண்டுக்கும் நடுவில் கிடுகு வேய்ந்த ஒரு பள்ளிக்கூடம். நான் அதில் கீழ்வகுப்பு வாத்தியார். ஆனால் நிரந்தரமில்லை. "பார்ப்போம்" என்ற அடிப்படையில் வைத்திருந்தார்கள்.

நிரந்தரம் ஆகாவிட்டால் எனக்கு இன்னொரு வேலை தயாராகக் காத்துக்கொண்டிருந்தது. அதுதான் என் பயமே. அப்பாவிடம் ஒரு வள்ளம் இருந்தது. அதில் நான்கு முறை கடலுக்குப் போயிருக்கிறேன். நான்கு முறையும் கரை மறைவதற்கு முன்பே குடலைப் புரட்டி, காலையில் சாப்பிட்ட பாண் ரொட்டியையும் சம்பலையும் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். நான்காம் முறை அப்பா துடுப்பை வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"நாங்க இன்னும் வலையே போடல்ல. நீ அதுக்குள்ள இரை போட்டுட்ட" என்றார்.

மீன்பிடிக்கிறவன் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதைவிடக் கேவலம் எங்கள் கரையில் வேறு கிடையாது. ஆகவே நான் உட்கார்ந்திருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக் கதிரையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். (ஒரு கையால் என்று சொல்ல வேண்டும். மற்றக் கைக்கு வேறு வேலை.)

வெளியில் யாருக்கும் என் இரகசியம் தெரியாது. பகலில் அடக்கிக்கொள்வேன். ஆனால் மூளைக்கு வேலை வந்துவிட்டால் விரலுக்கும் வேலை வந்துவிடும். கணக்குப் போடும்போது, கடிதம் எழுத யோசிக்கும்போது, கோயில் பூசையில் சுவாமியார் லத்தீனில் நீட்டி முழக்கும்போது, கை தானாக மேலே ஏறும். உடனே மீசையைத் தடவுகிற மாதிரிப் பாவனை செய்வேன். அப்போது எனக்கு மீசை இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து அந்தக் கடிதம் வந்தது.

எங்கள் தலைமை வாத்தியார் சந்தியாப்பிள்ளை. கடலோரத்தில் சப்பாத்துப் போட்டு மணலில் நடந்த ஒரே மனிதர். அவர் ஒரு வியாழக்கிழமை என்னையும் தையல் படிப்பிக்கிற பிலோமினா டீச்சரையும் கூப்பிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இங்கிலிஷில் இருந்த கடிதத்தை எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

"வாற வியாழக்கிழமை ஒரு பல் டொக்டர் துரை வாறார். கரையோரத்துப் பிள்ளைகளுக்கு ஏன் பல்லு கோணலாகவும் மிதந்தும் வருகுது என்று ஆராய்ச்சி செய்யிறாராம். முக்கியமான காரணம் விரல் சூப்புறது என்று கடிதத்தில போட்டிருக்கு."

"எங்கட பிள்ளைகள் சூப்புறதா?" என்று பிலோமினா டீச்சர் கேட்டாள்.

"கொழும்பிலயிருந்து எழுதியிருக்கிறாங்க. சூப்பாமல் எழுதுவாங்களா?"

அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து இங்கிலிஷில் ஒரு கடிதம் வந்து, "உங்கள் ஊரில் யானை மீன்பிடிக்கிறது" என்று சொல்லியிருந்தால், நாங்கள் யானைக்கு வலை தைக்க ஆரம்பித்திருப்போம்.

தலைமை வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் பக்கம் திரும்பினார். அவர் கண் என் பல்லில் ஒரு நிமிஷம் தங்கிவிட்டுப் போனது.

"கபிரியேல், கீழ்வகுப்பு உன்னுடைய பொறுப்பு. துரை வாற நேரம் ஒரு பிள்ளையின்ட விரலாவது வாய்க்குள்ள இருந்தால், அடுத்த நாள் நீ உன்ட அப்பாட வள்ளத்தில இருப்பாய். ஒண்டுமே இல்லாமல் இருந்தால், உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி பள்ளிக்கூடத்தை நடத்துற சுவாமிக்கு நானே எழுதுறன். ஏன் பல்லுக் கோணுது என்று துரைக்கு இங்கிலிஷில நாலு வசனம் சொல்லவும் வேணும். அதையும் நீதான் சொல்ல வேணும்."

நான்கு வசனத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார். நான்கிலும் விரலைத்தான் குற்றவாளியாக்கியிருந்தது. அந்த ஒரு வாரமும் நான் கடற்கரையில் நண்டுகளுக்கு முன்னால் நின்று விரலுக்கு எதிராக இங்கிலிஷில் பேசிப் பழகினேன். எது மறந்துபோகிறதோ அதை நினைவுபடுத்த வலது பெருவிரலைச் சூப்பிக்கொண்டேன்.

இப்போது யாராவது கேட்கலாம். முப்பத்தாறு பிள்ளைகளில் யார் யார் விரல் சூப்புகிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கலாமே என்று. பார்த்திருக்கலாம். புத்தியுள்ளவன் பார்த்திருப்பான். நான் மருந்து தேடப் போய்விட்டேன்.

கசப்பு வேண்டும். வேப்பெண்ணெய் எங்கள் கரையில் சுலபமாகக் கிடைக்காது. ஆனால் மீன் அறுக்கும்போது பித்தப்பை உடைந்துவிட்டால் முழுக் குழம்பும் கசந்துபோவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே? அந்தப் பித்தை ஒரு கோழியிறகால் தொட்டுப் பெருவிரலில் பூசிவிட்டால் எந்தப் பிள்ளை வாயில் வைக்கும்? இந்த யோசனை வந்தபோது நான் என்னையே வியந்தேன். (அப்போதும் விரல் வாயில்தான் இருந்தது.)

வியாழக்கிழமை விடிந்ததும், கரையில் சூரைமீன் அறுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன்.

"அம்மா, கொஞ்சம் மீன்பித்து வேணும்."

"என்னத்துக்கு?"

"பள்ளிக்கூடப் பிள்ளைகளின்ட விரலுக்குப் பூச. சூப்பாமல் இருக்க."

அம்மா கத்தியை வைத்தாள். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"எத்தனை விரலுக்கு?"

"முப்பத்தாறு."

ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையப் பித்தைப் பிழிந்து, அதற்கு மேல் இன்னொரு பித்தப்பையையும் உடைத்து விட்டு, என் கையில் தந்தாள்.

"முப்பத்தேழுக்கு இருக்கு. கொண்டுபோ" என்றாள்.

எட்டு மணிக்குப் பிள்ளைகளை வரிசையில் விட்டேன். ஒவ்வொன்றாக வந்து பெருவிரலை நீட்டியது. கோழியிறகைத் தோய்த்து, நகத்திலிருந்து அடிவரை பச்சையாகப் பூசினேன். ஏதோ ஞானஸ்நானம் கொடுக்கிற மாதிரி எனக்கே ஒரு கம்பீரம் வந்துவிட்டது. கடைசியில் நின்றவள் லூசியா. ஆறு வயது. கிழிந்த வலை பொத்துகிற வீட்டுப் பிள்ளை. நாக்கு மட்டும் அறுபது வயது.

"வாத்தியார், இது என்னத்துக்கு?"

"நீங்க விரல் சூப்பாமல் இருக்க."

"நான் சூப்புறதில்லையே."

"இனியும் சூப்ப மாட்டாய்."

அவள் சிரட்டையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். "உங்களுக்கு?" என்றாள்.

"வாத்தியார்மாருக்குத் தேவையில்லை. போய் உட்காரு."

அந்த நேரத்தில் நான் கவனிக்காத விஷயங்கள் இரண்டு. முதலாவது, மீன்பித்தில் கசப்பு மட்டுமல்ல, மீனும் இருக்கிறது. ஒன்பது மணிக்கு முதல் பூனை வந்தது. ஒன்பதரைக்கு ஏழு பூனைகள் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளுக்குக் கீழே சுற்றின. கூரையில் காகங்கள் கூட்டம் போட்டன.

இரண்டாவதுதான் பெரிய மோசம். துரை வருகிற நேரம் வகுப்பு சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்று, தலைமை வாத்தியார் வந்து எல்லாரையும் சிலேட்டில் எழுத வைத்தார். "நல்வரவு" என்று எழுத வேண்டும். முப்பத்தாறு பேரில் முப்பது பேர் பிழையாக எழுதினார்கள். "அழிச்சுத் திருப்பி எழுதுங்கோ!" என்றார்.

சிலேட்டைப் பிள்ளைகள் எப்படி அழிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பெருவிரலை நாக்கில் தொட்டுத்தான்.

முதல் "த்தூ" முன்வாங்கிலிருந்து வந்தது. அதன் பிறகு எண்ண முடியவில்லை. முப்பது வாய்கள் ஒரே நேரத்தில் துப்பின. நிலத்தில் துப்பின, சிலேட்டில் துப்பின, பக்கத்துப் பிள்ளையின் மேல் துப்பின. பக்கத்துப் பிள்ளை அழுதது. அழுத பிள்ளை கண்ணைக் கசக்கியது. எந்த விரலால் என்று கேட்கிறீர்களா? கண் எரிந்து மேலும் அழுதது. வாயைக் கழுவுகிறேன் என்று ஓடியவன் பூனையை மிதித்தான். பூனை யாரைப் பிறாண்டியது என்று இன்றுவரை முடிவாகவில்லை. நாலைந்து பேர் உரிமை கொண்டாடுகிறார்கள்.

பிலோமினா டீச்சர் தன் வகுப்பு வாசலில் நின்று முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்காக அழுகிறாள் என்று நினைத்து மனம் உருகினேன்.

சரியாக அந்த நேரத்தில் மாட்டுவண்டி வந்து நின்றது.

புத்தளத்திலிருந்து கடலேரி வழியாகத் தோணியில் கற்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து மணலில் வண்டியில் குலுங்கி, நெட்டையாக ஒரு வெள்ளைக்காரத் துரை இறங்கினார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. உள்ளே ஒரு அடி எடுத்து வைத்தார். "த்தூ" என்றது ஒரு பிள்ளை. வலது சப்பாத்து பச்சையாகியது.

துரை சப்பாத்தைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பூனைகளைப் பார்த்தார். பிறகு தலைமை வாத்தியாரிடம் இங்கிலிஷில் ஏதோ கேட்டார். "இந்த ஊரில் மரியாதை செய்வது இப்படித்தானா?" என்று கேட்டதாகத் தலைமை வாத்தியார் பின்னாளில் சொன்னார். எனக்கு அப்போது காதில் இரைச்சல்.

நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். சப்பாத்தைத் துடைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, ஒரு சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். பார்த்துப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதினார். எழுதாத நேரம் பென்சிலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். எங்கள் அதிர்ஷ்டம், பென்சில் ஒருமுறை கீழே விழுந்தது. லூசியா மரியாதையாகப் பொறுக்கி, பெருவிரலால் நன்றாகத் துடைத்துக் கொடுத்தாள்.

துரை "தேங்க் யூ" என்று வாங்கி வாயில் வைத்தார்.

கண்ணை மூடிக்கொண்டார். செத்துப்போன நெருங்கின சொந்தக்காரர் ஒருவரை நினைத்தவர் மாதிரி சிறிது நேரம் இருந்தார். பிறகு பென்சிலை எடுத்து, தூரப் பிடித்து, இது என்ன என்று கேட்டார். தலைமை வாத்தியார் முகமெல்லாம் பெருமையாக, விரல் சூப்பும் பழக்கத்தை எங்கள் பள்ளிக்கூடம் ஒழித்த விதத்தை விளக்கினார்.

துரை எழுந்தார். வரிசையாகப் போய் முப்பத்தாறு பெருவிரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார் (தலைமை வாத்தியார் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவருடைய குரல் இறங்கிக்கொண்டே போனது): விரல் சூப்புகிற பிள்ளையின் பெருவிரல் வெளிறி, ஊறி, சுருங்கி இருக்கும். முட்டியில் பல் பட்டுத் தழும்பு இருக்கும். இந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் அப்படி இல்லை. இங்கே யாருமே விரல் சூப்புவதில்லை.

ஒரு பூனை மட்டும் எதையோ நக்கிக்கொண்டிருந்தது.

"அப்படியென்றால்," என்று துரை மேலும் கேட்டார், "பாதிப் பிள்ளைகளுக்கு முன்பல் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறதே, அது எப்படி?"

தலைமை வாத்தியாருக்குத் தெரியவில்லை. கடிதத்தில் அது இல்லை. எனக்கு அதைவிடத் தெரியவில்லை. பிலோமினா டீச்சர்தான் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"லூசியா, இஞ்ச வா. வீட்டில வலை பொத்துறபோது என்ன செய்வாய், துரைக்குக் காட்டு" என்று ஒரு துண்டு வலைநூலைக் கொடுத்தாள்.

லூசியா நூலின் ஒரு நுனியை முன்பற்களுக்கு இடையில் கடித்தாள். மறுபக்கத்தை இரண்டு கையாலும் இழுத்து, தலையை ஒரு வெட்டு வெட்டி, முடிச்சை இறுக்கினாள். எங்கள் ஊரில் வலை பொத்துகிற வீடுகளில் வாய்தான் மூன்றாவது கை. மூன்று வயதில் நூல் பிடிக்கத் தொடங்கும் பிள்ளை, பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போதும் அதே இடத்தில்தான் நூலை இழுக்கும். அதுவும் போதாதென்று, ஆடுகிற பால்பல்லை நூலால் கட்டி, மறுநுனியை வள்ளத்தில் முடிந்துவிட்டு, ஏலேலோ போட்டு வள்ளத்தைத் தள்ளுகிற அப்பாமாரும் இருந்தார்கள். வள்ளம் கடலுக்கு, பல் மணலுக்கு. சில நேரம் பக்கத்துப் பல்லும் கூட வரும்.

இவையெல்லாம் நான் பிறந்ததிலிருந்து தினமும் கண்ட காட்சிகள். என் கண் முன்னால் நூல் பிடித்த பிள்ளைகளை விட்டுவிட்டு, கொழும்புக் கடிதம் சொன்ன விரலைத் தேடிப் போயிருக்கிறேன்.

துரை துள்ளி எழுந்தார். லூசியாவை இன்னொருமுறை செய்யச் சொன்னார். இன்னொருமுறை. படம் வரைந்தார். பிலோமினா டீச்சரிடம் அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார். தலைமை வாத்தியார் மொழிபெயர்த்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையில் அப்பாவின் வள்ளம் தெரிந்தது. அதன் ஆட்டம்கூடத் தெரிந்தது.

அப்போது துரை மரியாதைக்காக என் பக்கம் திரும்பினார். இங்கிலிஷில் மெதுவாகக் கேட்டார்: "வகுப்பு வாத்தியார் நீங்கள். உங்கள் அபிப்பிராயம் என்ன?"

எழுந்து நின்றேன். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். என்னிடம் நான்கு வசனங்கள் இருந்தன. நான்கும் விரலைப் பற்றியவை. நான்கும் இப்போது பிழை. ஐந்தாவதாக ஒன்றை நானே உண்டாக்க வேண்டும், அதுவும் இங்கிலிஷில். யோசித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஆழமாக நான் யோசித்ததில்லை.

வகுப்பு மிகவும் அமைதியாகிவிட்டது. என் சிந்தனைக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"டீச்சர்!" என்றாள் லூசியா, கோயில் மணி மாதிரி. "வாத்தியார் சூப்புறார்!"

கண்ணைத் தாழ்த்திப் பார்த்தேன். என் மூக்குக்குக் கீழே என் கை இருந்தது. பெருவிரலைக் காணவில்லை.

காலையிலிருந்து பூசிப் பூசி அந்த விரலிலும் பித்து நன்றாக ஊறியிருந்தது. கசந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன், குடல் வரைக்கும் கசந்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷச் சிநேகிதம் ஒரு சிரட்டைப் பித்துக்கு முறிந்துவிடுமா? அந்த நிலையிலும் அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

துரைதான் எடுத்தார். இரண்டு அடியில் என்னிடம் வந்து, விரலை வாயிலிருந்து மெதுவாக உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளிறியிருந்தது. ஊறியிருந்தது. முட்டியில் தழும்பு இருந்தது. பிறகு என் வாயைத் திறந்து பார்த்தார். அவருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தை, கரைவலையில் பெரிய கொம்பன்சுறா மாட்டியபோது வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"என்ன வயது?" என்று கேட்டார். சொன்னார்கள். திருப்பிக் கேட்டார்.

அடுத்த விஷயம், நான் கதிரையில் சாய்ந்திருக்க, துரை வெள்ளைச் சாந்து ஒன்றைத் தண்ணீரில் குழைத்து என் வாய் நிறைய அப்பினார். பல்லின் அச்சு எடுக்கிறாராம். சாந்து இறுகும்வரை அசையக்கூடாது, பேசக்கூடாது. இறுக இறுக அது வாய்க்குள் சூடேறியது. முப்பத்தாறு பிள்ளைகளும் சுற்றி நின்று பார்த்தார்கள். துரை அவர்களுக்கு என் பல்லை ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டுப் பாடம் நடத்தினார். மடியில் ஒரு பூனை ஏறிப் படுத்துக்கொண்டது.

தலைமை வாத்தியார் சமயம் பார்த்து என் காதுக்குக் குனிந்தார்.

"நாளைக்கு நீ வர வேண்டாம், கபிரியேல். உன்ட அப்பாட்ட ஆள் அனுப்பிச் சொல்லிப்போட்டன். விடிய நாலு மணிக்கு வள்ளம் தள்ளுறாங்களாம். உனக்கு ஏதும் சொல்ல இருக்கா?"

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. வாயில் இடமில்லை.

"சரி, அப்ப ஒண்டுமில்லை" என்று போய்விட்டார்.

சாந்தை எடுக்கிறபோது அது லேசில் வரவில்லை. என் பற்கள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டன. துரை துண்டு துண்டாக உடைத்து எடுத்து, ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றி, கோயிலில் வைத்து வணங்குகிற அர்ச்சிஷ்டவரின் எலும்பு மாதிரிப் பெட்டிக்குள் வைத்தார்.

அடுத்த நாள் வள்ளத்தில் போனேன். அதற்கடுத்த நாளும். பதினொரு நாள். அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. என்னைப் பார்த்தாலே வள்ளத்திலிருந்த மற்ற இருவரும் காற்றடிக்கும் பக்கம் மாறி உட்கார்ந்துகொள்வார்கள். "இவன் வந்த பிறகு வலையில மீன் கூடிப்போச்சு" என்று அப்பா ஒரு நாள் சொன்னார். அது பாராட்டு இல்லை.

பன்னிரண்டாம் நாள் தலைமை வாத்தியார் சப்பாத்தோடு கரைக்கே வந்துவிட்டார். நான் பச்சை நிறத்தில் மணலில் கிடந்தேன். அவர் கையில் கொழும்புக் கடிதம். சுவாமியாருக்கு வந்த கடிதத்தை அவர் இவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"எழும்பு. துரை எழுதியிருக்கிறார்."

"என்ன எழுதியிருக்கிறார்?"

தலைமை வாத்தியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிறகு, சொல்லுக்குச் சொல் வலிக்கிற மாதிரி மொழிபெயர்த்தார். நூலைப் பல்லால் பிடிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் நிறுத்த வேண்டும். கசப்பு பூசுவதால் பிரயோசனமில்லை என்பதற்கு உங்கள் வாத்தியாரே சாட்சி. கடைசியாக, விரல் சூப்பினால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டக்கூடிய முகம் ஒன்றைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை. ஆகையால் அந்த இளைஞரைப் பிள்ளைகளின் கண் முன்னாலேயே நிரந்தரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறார்.

"நிரந்தரமாக" என்ற சொல்லில் சுவாமியார் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

இப்படித்தான் எனக்கு உத்தியோகம் நிரந்தரமானது. முப்பத்தைந்து வருஷம் படிப்பித்தேன். எழுத்தும் கணக்கும் படிப்பித்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் அங்கே நின்றதே பாடம்.

வலை பொத்துகிற வீடுகளில் முதலில் சிரித்தார்கள். "பல்லால பிடிக்காமல் பிறகு எதால பிடிக்கிறது, துரை வந்து பிடிப்பாரா?" என்றார்கள். பிலோமினா டீச்சர் தன் வகுப்புத் தூண்களில் வரிசையாக ஆணியை வளைத்து அடித்து, பிள்ளைகளுக்கு நூலை அதில் மாட்டி முடிச்சுப் போடக் காட்டிக்கொடுத்தாள். வாய் ஓய்ந்திருக்க இரண்டு கையாலும் வேலை விரைவாக முடிவதைக் கண்டதும் வீடுகளிலும் ஆணி முளைத்தது. லூசியாவின் தங்கைமாருக்கெல்லாம் பல் நேராக வந்தது. லூசியாவுக்கு வரவில்லை. அவளுக்கு அது கவலையே இல்லை. அந்தப் பள்ளத்தின் வழியாக அவள் சீட்டியடித்தால் தலவிலைக்குக் கேட்கும்.

விரலை நான் எப்போது விட்டேன் என்று கேட்பீர்கள். பிலோமினாவைக் கல்யாணம் பேசியபோது. பெண் வீட்டார் தயங்கினார்களாம். "மாப்பிள்ளை வாய்க்குள்ள என்ன வைச்சிருக்கிறார் என்று நான் முதலே பார்த்தாச்சு. இனி ஒளிக்க அவரிட்ட ஒண்டுமில்லை" என்று அவள் சொன்னாளாம். அன்றைக்கு முந்தானைக்குள் அவள் அழவில்லை, சிரித்தாள் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சிரித்த பிறகும் சம்மதித்தவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா? விரலைக் கொடுத்தேன். இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்தேன்.

துரை எனக்கு ஒரு பெட்டியும் அனுப்பியிருந்தார். திறந்தால், பஞ்சுக்கு நடுவில் வெள்ளைச் சாந்தில் என் பல்வரிசை. "செத்தவன்ட பல்லை ஏன்டா வீட்டுக்குள்ள கொண்டுவந்த?" என்று அம்மா தீர்த்தம் தெளித்தாள். இப்போதும் அது எங்கள் அலுமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் எந்தப் பிள்ளை விரல் சூப்பினாலும் தாய்மார் வந்து கதவைத் தட்டுவார்கள். "டீச்சர், வாத்தியார்ட பல்லை ரெண்டு நாளைக்குத் தாறீங்களா?" நான் முன்வாசலில் பல்லோடு உட்கார்ந்திருக்கும்போதே என்னைத் தாண்டிப் போய்க் கேட்பார்கள்.

ஆனால் அதைவிடப் பெரிய அநியாயம் என் அம்மா செய்தது. சிரட்டையில் முப்பத்தேழுக்குப் பித்துக் கொடுத்த கதையைக் கல்யாணத்தன்றே மருமகளிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முப்பத்தேழு என்ற எண்ணே இல்லை. தேங்காய் எண்ணினாலும் கருவாடு எண்ணினாலும் பிலோமினா இப்படித்தான் எண்ணுவாள்: "முப்பத்தஞ்சு, முப்பத்தாறு, வாத்தியார், முப்பத்தெட்டு..." பிள்ளைகளும் அப்படியே பழகின. பேரப்பிள்ளைகளுக்கு அது வேடிக்கை என்றே தெரியாது.

போன மாதம் கடைசிப் பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. போனேன். சின்ன வயது டீச்சர் ஒருத்தி, பாவம், கவலையோடு நின்றாள்.

"ஐயா, உங்கட பேத்தி நல்லா எண்ணுறாள். ஆனால் முப்பத்தாறுக்குப் பிறகு 'வாத்தியார்' என்று சொல்லுறாள். எத்தனை தரம் திருத்தினாலும் கேட்கிறாளில்லை. வகுப்பு முழுக்க இப்ப அப்படித்தான் எண்ணுது. இது என்ன கதை, ஏன் அப்படி?"

காரணத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். என் பல்லைக் கண்டதும், "அந்தப் பித்துப் பூசின வாத்தியார் நீங்களா!" என்று டீச்சர் முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.